ஏன் என்று கேட்ட தலைவர்

விளையாட்டு உத்தியோகத்தர்களாகவும் பயிற்றுநர்களாகவும் புதிதாக நியமனம் பெற்றிருக்கும் உங்களுக்கு ஒரு வாழ்த்துச் செய்தி எழுதித் தரும்படி கேட்டார்கள். எனக்கு வாழ்த்து எழுத வராது. வாழ்த்துச் செய்திகளுக்குக் கீழே கையெழுத்து வைத்த தலைவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேரைப் பற்றி உண்மையை எழுதினால் நீங்கள் இந்த வேலையே வேண்டாம் என்று போய்விடுவீர்கள். அதனால் ஒழுங்காக நடந்துகொண்ட ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். என் பணிக்காலம் முழுவதிலும் அப்படி ஒருவரைத்தான் கண்டேன். இன்னொருவரைக் கண்டிருந்தால் அவரையும் எழுதியிருப்பேன்.

பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பதுளைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்தவர். எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம்.

நான் அப்புத்தளைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியை. தோட்டப் பிள்ளைகளைச் சேர்த்து நடந்த பெண்கள் கரப்பந்தாட்ட அணிக்குப் பொறுப்பாசிரியையும் நான்தான். அணியை நடத்தியது ஒரு சங்கம். அந்தச் சங்கத்துக்கு ஹாஜியார் தலைவரானது பெரிய கதை அல்ல. பிள்ளைகளுக்கு ஜேர்சி இல்லை. ஜேர்சி தருகிறவரைத் தலைவராக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். செயலாளர் போய்க் கேட்டார். அவர் தந்தார். அடுத்த கூட்டத்தில் மாலை போட்டார்கள். அதோடு தலைவருடைய வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பரிசளிப்பில் ஒரு படம், முன்வரிசையில் ஒரு நாற்காலி, ஜேர்சியின் முதுகில் கடைப் பெயர். வேறென்ன வேண்டும் ஒரு தலைவருக்கு?

விளையாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு போட்டியில் எதிரணி புள்ளி எடுத்தபோது எழுந்து நின்று கை தட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரச் சொன்னேன். "அந்தப் புள்ளையும் நல்லாத்தானே அடிச்ச, டீச்சர்" என்றார். இன்னொரு நாள், பந்தை விழாமலே வைத்துக்கொண்டிருக்கிறார்களே, இடையில் ஒருதரம் விழ விட்டால் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொள்ளலாமே என்று எனக்கு யோசனை சொன்னார். பிள்ளைகள் அதைக் கேட்டு நாள் முழுக்கச் சிரித்தார்கள். பிழை விட்டவளைப் பார்த்து, "ஹாஜியார் டெக்னிக்" என்று கேலி செய்வார்கள்.

பயிற்றுநர் வேறு மாதிரி. அவரை மாஸ்டர் என்போம். கெட்டிக்காரர். அதை மறைத்தால் நான் பொய்க்காரி. ஹல்துமுல்லை, கொஸ்லந்தை, பூனாகலைப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, சரளைக்கல் மைதானத்தில் பழக்கி, மாகாணத்தில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். மீரியபெத்தை மண்சரிவில் வீடு போய், புதுக் குடியிருப்பில் இருந்து வந்த பிள்ளைகளும் அந்த அணியில் இருந்தார்கள். கிண்ணத்தோடு பஸ்ஸில் இருந்து இறங்கியபோது தோட்டமே மேளத்தோடு வந்தது. அந்தச் சந்தோஷத்தை நானும் அனுபவித்தேன்.

ஆனால் அவர் அடிப்பார். விசில் கயிற்றால் கெண்டைக்காலில் அடிப்பார். பந்தைத் தவறவிட்டவளைச் சரளையில் முழங்காலில் நிற்க வைப்பார். தலைமயிரைப் பிடித்து உலுக்குவார். "லயத்து மூளை" என்பார். அவரும் அதே தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவர்தான்.

எனக்கு வாய் நீளம் என்று கல்வி வலயம் முழுக்கத் தெரியும். அவரிடமே நேராகச் சொன்னேன். அடிக்காமல் யாராவது விளையாட்டுப் பழகியிருக்கிறார்களா என்று கேட்டார். அதிபரிடம் சொன்னேன். ரிசல்ட் வருகிறதுதானே டீச்சர் என்றார். வலயக் கல்வி அலுவலகத்தில் சொன்னேன். அது சங்கத்து விஷயம் என்றார்கள். சங்கத்துச் செயலாளரிடம் சொன்னேன். அவர் ஒரு பாடசாலையில் பிரதி அதிபர், படித்த மனிதர், மேடையில் நன்றாகப் பேசுவார். அவர் சிரித்துக்கொண்டு, "பெத்தவங்களே ஒண்ணும் சொல்லல. உங்களுக்கு ஏன் டீச்சர் வலிக்குது?" என்றார்.

பெற்றோர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் நாளைக்கு உங்களிடமும் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்கள். எங்கள் தோட்டங்களில் பிள்ளையை ஒருவரிடம் பழக விடும்போது வெறுங்கையோடு வர மாட்டார்கள். வெற்றிலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒரு பேச்சுச் சொல்வார்கள். "இனிமே இது உங்க புள்ளைங்க. அடிச்சாலும் சரி, கொன்னாலும் சரி, நாங்க ஏன்னு கேக்க மாட்டோம்." அணியில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேருடைய அப்பாமாரும் மாஸ்டரிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். சங்கம் முழுக்க இந்தப் பேச்சுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தது.

அகில இலங்கைப் போட்டி நெருங்கிய சமயம். அணியில் தர்ஷினி என்று ஒரு பிள்ளை, பதினாறு வயது. பந்தை உயர்த்திக் கொடுக்கிறவள் அவள்தான். மற்றவர்கள் கூப்பிடுகிற குரலைக் கேட்டுத்தான் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வாள். ஒரு நாள் பாடசாலையில் பின்னால் இருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. இடப்பக்கம் போய்க் கூப்பிட்டேன். திரும்பவில்லை. வலப்பக்கம் வந்ததும் திடுக்கிட்டுப் பார்த்தாள். காதில் பஞ்சு வைத்திருந்தாள்.

மலைத் தண்ணி விழுகிற பீலியில் குளிக்கும்போது வழுக்கி விழுந்தேன் என்றாள். மனப்பாடம் செய்த மாதிரிச் சொன்னாள். நான் விடவில்லை. அழுதாள். முந்தின நாள் பயிற்சியில் மாஸ்டர் கன்னத்தோடு சேர்த்துக் காதில் அறைந்திருக்கிறார். செயலாளர் மைதான ஓரத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு பார்த்திருக்கிறார். "போதும் விடுங்க மாஸ்டர், போட்டிக்கு ஆள் வேணும்" என்று சிரித்திருக்கிறார். பிறகு பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, யாராவது கேட்டால் பீலியில் விழுந்தேன் என்று சொல் என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

நான் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனேன். ஹாஜியாரிடம் போக வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. தலைவர் என்று ஒருவர் இருக்கிறாரே, ஒருதரம் தலைவராக இருந்துதான் பார்க்கட்டுமே என்ற ஆத்திரத்தில் போனேன்.

கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த ஒரு குடும்பத்துக்கு அவர் துணி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் குடும்பம் சேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. நான் குரலைக் குறைக்கவில்லை. முடித்ததும் அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அடி விழுந்தபோது பிள்ளை என்ன உடுத்திருந்தாள் என்றார்.

இந்த மனிதருக்குத் துணியை விட்டால் வேறு நினைப்பே இல்லையா என்று எனக்கு எரிச்சல் வந்தது. பயிற்சிக்கு ஜேர்சிதானே போடுவார்கள் என்றேன்.

அவர் கையில் இருந்த சேலையைக் கீழே வைத்தார்.

"அப்ப என்ட கடைப் பேரு அவள்ட முதுகுல ஈந்திக்கி."

மகனைக் கூப்பிட்டு வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வாங்க டீச்சர் என்று வேனை எடுத்தார்.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். அவர் மாஸ்டருக்குப் போன் எடுக்கவில்லை. செயலாளருக்கு எடுக்கவில்லை. கூட்டம் கூட்டவில்லை. நீங்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் செய்வீர்கள். உங்களுக்குப் பயிற்சி வகுப்பிலேயே அதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள், இரண்டு பக்கமும் விசாரியுங்கள் என்று. அவர் முதலில் அடிபட்ட பிள்ளை இருக்கிற இடத்துக்குப் போனார்.

ஹல்துமுல்லையில் இருந்து உள்ளே போகிற தோட்டம். வேன் போகிற பாதை பாதியில் முடிந்துவிட்டது. மிச்சத்தை நடந்தோம். வெள்ளைச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க ஏறினார். வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் நின்றவர்கள் துணி விற்க வந்திருக்கிறார் என்று நினைத்து, இந்த முறை கடனுக்குத் தருவீங்களா ஹாஜியார் என்று கேட்டார்கள்.

தர்ஷினியின் அப்பா செல்வராஜ் எங்களைக் கண்டதும் பதறிப்போனார். ஒரே ஒரு கதிரைதான் இருந்தது. அதை ஹாஜியாருக்குத் துடைத்துப் போட்டார். ஹாஜியார் அதில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தார். பிள்ளையின் காது எப்படி என்று கேட்டார்.

செல்வராஜ் பீலிக் கதையையே சொன்னார். ஹாஜியார் மறுத்துப் பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் செல்வராஜுக்கே அந்தக் கதையைத் தொடர முடியவில்லை.

"நான் கேக்க முடியாதுங்க ஹாஜியார்" என்றார். "வெத்தில குடுத்து விட்ட அன்னிக்கு, ஏன்னு கேக்க மாட்டோம்னு என் வாயால சொல்லிட்டேன். சொன்ன வார்த்தைய இப்ப எப்பிடிங்க மாத்துறது?"

சங்கத்தில் படித்தவர்கள் அந்தப் பேச்சைச் சாக்காக வைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த மனிதர் அதைச் சத்தியமாக வைத்துக்கொண்டிருந்தார். மகளின் காதை விடத் தன் வாய்ச்சொல்லைப் பெரிதாக நினைத்தார் என்று நான் அவரைத் திட்டப் போனேன். அதற்குள் உள்ளே இருந்து அவர் மனைவி பேசினார்.

"அது இவரு சொன்னது. நான் சொல்லல. என்னைய யாரு கேட்டா? வாழப்பழம் வாங்கினதுதான் நான்."

ஹாஜியார் சிரித்தார். பிறகு செல்வராஜிடம் மெதுவாகப் பேசினார். தன் மகனை மத்ரஸாவில் சேர்த்தபோது தானும் ஓதிக் கொடுக்கிற ஹஸரத்திடம் இதே மாதிரிதான் சொன்னேன் என்றார்.

"இது மரியாதைக்குச் செல்ற பேச்சு, தம்பி. கல்யாணத்துக்கு வந்தவங்கள்ட்ட இது உங்கட வீடுன்னு செல்றோம். அதுக்காக வந்தவன் கதவ சாத்திக்கிட்டு நம்மள வெளிய தள்ளினா சும்மா ஈக்கிறதா? நீங்க மரியாத குடுத்தீங்க. அவர் அத வாங்கத் தெரியாத ஆள். வார்த்தைய மாத்தினது அவர்தான், நீங்க இல்ல."

செல்வராஜ் தோளில் இருந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

தர்ஷினி கதவோரத்தில் நின்றாள். ஹாஜியார் அவளிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அவள் காதைப் பற்றிக் கேட்கவில்லை. மாஸ்டரைப் பற்றிக் கேட்கவில்லை.

"என்னைய டீம்ல இருந்து எடுத்துருவீங்களா?"

உங்களுக்குப் புரிகிறதா? அடிபட்ட பிள்ளைகள் ஏன் பேசுவதில்லை என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆராய்ச்சியே வேண்டாம். இந்த ஒரு கேள்வி போதும். அந்தப் பிள்ளைக்குத் தோட்டத்துக்கு வெளியே இருந்த ஒரே கதவு அந்த அணி. அந்தக் கதவின் சாவி அடித்தவன் கையில் இருந்தது.

"டொக்டர் வெளாடலாம்னு சென்னா நீ வெளாடுவ" என்றார் ஹாஜியார். "அத நான் பாத்துக்கிறேன். வெல்லுறது தோக்குறது எனக்குத் தெரியாது."

அப்போதே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். காது பார்க்கிற டொக்டர் யாழ்ப்பாணத்துப் பக்கத்துப் பெண். கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றார். தானாக மூடலாம், ஆனால் முழுதாகக் கேட்கும் என்று இப்போது சொல்ல முடியாது, தண்ணி படக் கூடாது என்றார். பிறகு கருவியை மேசையில் வைத்தார்.

"ஆர் அடிச்சது, பிள்ளை?"

தர்ஷினி அப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஹாஜியார் மட்டும் பார்க்கவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர் அடிச்சாருங்க" என்றார் செல்வராஜ். "பந்து வெளையாட்டு மாஸ்டர்."

அப்படியென்றால் தான் ஆஸ்பத்திரிப் பொலிசுக்கு அறிவிக்கத்தான் வேண்டும் என்றார் டொக்டர். அறிவியுங்கள் என்றார் செல்வராஜ். அன்றைக்கு அந்த மனிதருடைய முதுகு நிமிர்ந்ததை நான் கண்ணால் கண்டேன்.

அதற்குப் பிறகுதான் கூட்டம். பண்டாரவளையில் சங்கம் கூடுகிற மண்டபம். அத்தனை நிர்வாகிகளும் வந்தார்கள். கிண்ணம் கிடைத்த அன்றைக்குக்கூட அத்தனை பேர் வரவில்லை. மாஸ்டரும் வந்து முன்வரிசையில் காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். போட்டி முடியட்டும், பிறகு பார்ப்போம். வெளியே தெரிந்தால் தோட்டத்து ஆட்களுக்குத்தான் அவமானம். பிள்ளைக்கு நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா? பொலிசுக்குப் போனதைத் திருப்பி வாங்க வழியில்லையா? ஒருவர்கூட அடித்தது பொய் என்று சொல்லவில்லை. அதுதான் என்னை வெறி பிடிக்க வைத்தது. எல்லோருக்கும் தெரியும். எப்போதுமே தெரியும்.

மாஸ்டர் எழுந்து, தான் இல்லாவிட்டால் இதுகள் எல்லாம் கொழுந்து பறிக்கத்தான் போகும் என்றார். கொழுந்து பறிக்கிற தாய்மாருடைய சம்பளத்தில் படித்த நாலைந்து பேர் அங்கே தலையாட்டினார்கள்.

செயலாளர், பிள்ளையைக் கூட்டி வந்து மாஸ்டருக்கு முன்னால் நிறுத்துங்கள், அவள் வாயாலேயே கேட்போம் என்றார். பார்க்க நியாயமான பேச்சு மாதிரி இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள்.

ஹாஜியார் மறுத்தார். "அடிச்சவர்ட மூஞ்சிக்கு முன்னால நின்டு, நீங்க அடிச்சீங்கன்னு செல்ல இந்த மண்டபத்துல ஒரு ஆம்புளைக்கும் தைரியமில்ல. பாத்த நீங்களே செல்லல. சின்னப் புள்ள எதுக்குச் செல்லோணும்?"

செயலாளர் முகம் சிவந்து, ஹாஜியாருக்கு விளையாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார். எல்லோரும் அதைக் கேட்கத்தான் காத்திருந்த மாதிரி ஒரு சிரிப்பு எழுந்தது.

"ஒண்டும் தெரியாது" என்றார் ஹாஜியார். "அடிச்சா காது வலிக்கும்னு தெரியும். தலைவருக்கு அவ்வளவு போதும்."

அன்றோடு மாஸ்டர் அணிக்கு வரக் கூடாது என்று அறிவித்தார். நிர்வாகிகள் தாங்கள் விலகிவிடுவோம் என்றார்கள். தாராளமாக விலகலாம், ஆனால் வருடாந்தக் கூட்டம் வரை யாரும் போக முடியாது, வந்து பதில் சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். போட்டிக்கு அணி போகும், டீச்சர் கூட்டிப் போவார் என்று என்னைக் கேட்காமலே சொன்னார். என்னை யாராவது கேட்காமல் ஒரு வேலையில் மாட்டிவிட்டால் நான் சண்டைக்குப் போவேன். அன்றைக்குப் போகவில்லை.

கஷ்டமான பகுதி அதற்குப் பிறகுதான் வந்தது. மறுநாள் மைதானத்தில் மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் கூடிவிட்டார்கள். இவர்கள் கெட்டவர்கள் அல்ல. அகில இலங்கைச் சான்றிதழ் ஒன்று கிடைத்தால் பிள்ளைக்கு ஒரு அரசாங்க வேலையில் இடம் கிடைக்கலாம், பல்கலைக்கழகத்துக்கு உதவலாம். அந்தக் கனவோடு இருந்தவர்கள். ஒரு பிள்ளைக்காக எல்லாப் பிள்ளைகளின் எதிர்காலத்திலும் மண் போட்டுவிட்டார் என்று கத்தினார்கள். ஒரு அப்பா, "உங்க கடையில ஒரு முழம் துணி இனிமே எங்க தோட்டத்து ஆளு வாங்க மாட்டான்" என்றார்.

ஹாஜியார் தன்னை நல்லவன் என்று நிரூபிக்க ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் பிள்ளைகளின் நன்மைக்குத்தான் என்று பிரசங்கம் செய்யவும் இல்லை. "ஆமா, நான்தான் செஞ்சேன்" என்றார். "கோவத்த என் மேல வச்சுக்கோங்க. கடைக்கு வராதீங்க. ஆனா அந்தப் புள்ளைட வீட்டுப் பக்கம் ஒருத்தர் ஒரு சொல்லு செல்லக் கூடாது. அவ ஒண்டும் செய்யல. செஞ்சது நான்."

தலைவர் என்பவர் என்ன செய்ய வேண்டும் என்று நூறு பக்கத்தில் எழுதிய கைநூல்களை உங்களுக்குக் கொடுத்திருப்பார்கள். அந்த மைதானத்தில் நான் பார்த்தது ஒன்றுதான். பிள்ளையின் மேல் விழ இருந்த கோபத்தை அவர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கூட்டம் அவரைத் திட்டிக்கொண்டே கலைந்தது. தர்ஷினியை யாரும் திட்டவில்லை.

அன்றில் இருந்து பயிற்சி நடந்த எல்லா நாளும் அவர் வந்தார். பதுளையில் கடையை மகனிடம் விட்டுவிட்டு, மைதான ஓரத்தில் குடையோடு உட்கார்ந்திருப்பார். விளையாட்டு புரியாது. பந்தைப் பார்க்கவும் மாட்டார். பெரியவர்களாகிய எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் நான் ஒரு பிள்ளையிடம் கொஞ்சம் அதிகமாகக் கத்திவிட்டேன். குடை எழுந்து என் பக்கம் நடந்து வந்தது. "தண்ணி குடிங்க டீச்சர்" என்று போத்தலை நீட்டினார். எனக்குக் கோபம் வந்தது. குடித்தேன்.

போட்டிக்குப் போனோம். டொக்டர் விளையாடலாம் என்றதால் தர்ஷினி விளையாடினாள். இடப்பக்கத்துக் குரல் அவளுக்குக் கேட்கவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே ஓடி வலப்பக்கம் வந்து கூப்பிடப் பழகியிருந்தார்கள். அது எல்லா நேரமும் சரிவரவில்லை. இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றோம். நல்லது செய்தவர்களுக்குக் கிண்ணம் கிடைக்கும் என்று நினைத்து இந்தத் தொழிலுக்கு வந்திருந்தால் இப்போதே திரும்பிப் போங்கள். தோற்றுத்தான் வந்தோம். மாஸ்டர் இருந்திருந்தால் வென்றிருப்போம் என்று ஊர் பேசியது. வென்றிருக்கலாம். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். வென்றிருந்தாலும் ஹாஜியார் செய்தது சரிதான்.

பொலிஸ் விசாரணை அதன் பாட்டுக்கு இழுபட்டது. மாஸ்டர் இன்னும் கல்யாண வீடுகளில் முன்வரிசையில்தான் உட்காருகிறார். அவரை மரியாதையாகக் கும்பிடுகிறவர்களை நான் ஒவ்வொருவராக நினைவில் வைத்திருக்கிறேன். ஆனால் எங்கள் மைதானத்துக்குள் அதற்குப் பிறகு அவர் கால் வைக்கவில்லை.

வருடாந்தக் கூட்டம் வந்தது. ஹாஜியார் செல்வராஜின் வீட்டுக்குப் போய், தர்ஷினிக்கு விருப்பம் இருந்தால் மட்டும் வரச் சொல்லி அழைத்திருந்தார். அப்பா அம்மாவோடு வந்தாள். நிர்வாகிகள் நீளமேசைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மண்டபம் நிறையப் பெற்றோர்.

ஹாஜியார் அறிக்கை எதையும் வாசிக்கவில்லை. மேசையை விட்டு இறங்கி வந்து தர்ஷினிக்கு முன்னால் நின்றார்.

"அடிச்சது ஒருத்தர்" என்றார். "அடிக்க விட்டது நாங்க. அதுக்குத் தலைவர் நான். என்னை மன்னிச்சுக்கோ, மகள்."

செல்வராஜ் எழுந்து, நீங்கள் எதற்கு ஹாஜியார் என்று தடுக்கப் பார்த்தார். அவர் மனைவி அவருடைய சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

மண்டபத்தில் எல்லோரும் அதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். ஒருவர் கைதட்டக்கூட ஆரம்பித்தார். தர்ஷினி உட்காரவில்லை.

"நீங்க அடிக்கவும் இல்ல, பாக்கவும் இல்ல" என்றாள் ஹாஜியாரிடம். "பாத்தவங்க அங்க உக்காந்திருக்காங்க."

நான் அந்தப் பிள்ளைக்கு எத்தனையோ பழக்கியிருக்கிறேன். இதை நான் பழக்கவில்லை.

ஹாஜியார் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. விடு மகள், பெரியவர்கள் என்று சொல்லவில்லை. அவளுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றவர் ஒரு பக்கமாக விலகி நின்றார். அவ்வளவுதான் செய்தார். அப்போது அவளுக்கும் அந்த வரிசைக்கும் நடுவில் யாரும் இல்லை.

கடைசியில் செயலாளர் எழுந்தார். மேடையில் அழகாகப் பேசுகிற மனிதர். தரையைப் பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள்ளே ஏதோ சொன்னார்.

தர்ஷினி தலையைச் சாய்த்துக் கேட்டாள். மரியாதை குறையாமல்தான் சொன்னாள்.

"கேக்கல, சேர். இந்தக் காதுப் பக்கம் வந்து சொல்லுங்க."

அவர் மேசையைச் சுற்றி வந்தார். அவளுடைய வலப்பக்கத்தில் நின்று மறுபடியும் சொன்னார். இந்த முறை மண்டபம் முழுக்கக் கேட்டது.